விழாத ராஜா



சிறுவனாகத் தஞ்சையிலிருந்து பவானிபூருக்கு வந்தபோது என் துணையாக வந்தவர் ஒரு ராஜா. ஆம், தஞ்சாவூர்ப் பொம்மைதான்! உருண்டு கனத்த களிமண் அடி. இலேசான காகிதக்கூழ் உடல். எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து நிற்பார். வங்கமொழி புரியாத நாட்களில் அவரோடுதான் நாள்தோறும் போர் புரிந்தேன். வென்றவர் எப்போதும் அவரே. மழைக்காலமொன்றில் கூரை ஒழுகி, அவர் கரைந்து போனார். நான் சோறுண்ண மறுத்தேன்.

அண்டை வீட்டு வங்காளப் பாட்டியார் காளிகட்டத்துக் கடையிலிருந்து மரத்தாலான ராஜாவொன்றை வாங்கித் தந்தார். பர்த்வான் பக்கத்து நதுன்கிராமத்தில் செதுக்கப்படுவது அது. தள்ளினால் விழுந்தே கிடக்கும்! "நீதான் எடுத்து நிறுத்த வேண்டும்" என்றார் பாட்டியார். அவர் கூறியதில் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் வங்கச் சொற்றொடர் அதுவே.

தஞ்சைப் பொம்மைக்கு 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்ததறிந்து மகிழ்ந்தேன். ஆயினும் என் மேசைமீது இன்றும் நிற்பவர், அந்த விழும் ராஜாவே.