ஸ்லோ குக்கரில் ஒரு குளிர்கால சூப்
(டெல்லிக் கிளையின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)

ரிட்டயர்டு சர்க்கார் உத்தியோகஸ்தன் சமையலைப் பற்றிப் பேச வருவானேன் என்று மாமிகள் நினைக்கலாம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதுதான் எனக்குள்ள யோக்யதை. சமையலறையும் ஒரு லாபரட்டரிதானே!

டெல்லி ஜனவரிக் குளிர் உங்களுக்குத் தெரியும். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஆபீஸிலிருந்து வீடு சேர எட்டு மணி ஆகிவிடுகிறது. அதற்குள் பேரக் குழந்தைகள் பிஸ்கட்டால் வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். எங்களைப் போன்ற கிழங்கள் ஏழு மணிக்கே மோர் சாதத்தோடு முடித்துக்கொள்கிறோம். ஒரே கூரையின் கீழ் நாலு வேளைச் சாப்பாடு! இதற்குப் பரிகாரமாகத்தான் எங்கள் ஆத்துக்கு ஸ்லோ குக்கர் வந்தது. மத்தியானம் வைத்தால், எல்லோரும் கூடும்போது சூடாக சூப் தயார்.

இது அமெரிக்க சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். 1910-லேயே கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தைச் செய்தார். அடியில் கொஞ்சம் கரி. அதன் ஆவியிலேயே சாதம், பருப்பு, கறி எல்லாம் நிதானமாக வெந்துவிடும். நம் பாட்டிமார் குமுட்டி அடுப்பில் கல்சட்டியை ஏற்றியதும் இதே தத்துவம்தான்.

ஆறு பேருக்கு அளவு: ராஜ்மா ஒரு கப், பார்லி அரை கப், காரட் இரண்டு, உருளைக்கிழங்கு ஒன்று, பீன்ஸ் பத்து, நறுக்கிய கோஸ் ஒரு கப், இஞ்சி ஒரு துண்டு, தண்ணீர் எட்டு கப். தக்காளி மூன்று தனியாக இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதைகள் போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி வந்துவிடும். இதை அழிக்க 100 டிகிரி கொதிநிலை வேண்டும். பிரஷர் குக்கரில் சுமார் 120 டிகிரி வரை போவதால் நமக்கு இதுவரை கவலை இருந்ததில்லை. ஸ்லோ குக்கர் 'லோ' நிலையில் கொதிநிலையை எட்டாமலே இருக்கலாம். விதை மெத்தென்று ஆகிவிடும், விஷம் போயிருக்காது. 80 டிகிரியில் வைத்தால் அது பச்சை விதையைவிட அதிகமாகவும் ஆகலாம் என்கிறார்கள். ஆகவே ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி கொதிக்க விட்டு, வடித்த பிறகே குக்கரில் போடுங்கள். சிரமம் என்று தோன்றினால் பயத்தம்பருப்பு போடுங்கள்; அதில் இந்த பயம் இல்லை.

எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரோடு சேர்த்து, 'ஹை'யில் ஐந்து மணி நேரம் வையுங்கள். மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். இழந்த சூட்டை மீட்க அதற்கு வெகுநேரம் ஆகும். தக்காளியை முதலிலேயே போட்டால் புளிப்பு காரணமாகப் பயறு மெத்தென்று வேகாது. அதைத் தனியே கொதிக்கவைத்து, கடைசி அரை மணியில் உப்போடு சேருங்கள். இறக்கியதும் நெய்யில் மிளகு, சீரகம், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் வாசனை மாடி வரை வரும். பல் இல்லாதவர்களுக்கு மத்தால் மசித்துக் கொடுக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நீங்கள் வெளியே போயிருக்கும்போது வெகுநேரம் கரண்ட் போய், சூப் ஆறிப்போயிருந்தால், தயங்காமல் கொட்டிவிடுங்கள். மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சில கிருமிகளின் விஷம் கொதித்தாலும் போகாது. மிஞ்சியதைச் சின்னப் பாத்திரங்களில் மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவையுங்கள். ஸ்லோ குக்கரில் சுடவைக்கக் கூடாது.

கரண்ட் செலவு? 200 வாட் கருவி ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பிரஷர் குக்கரைவிட இது சிக்கனம் என்று சொல்லமாட்டேன். வேலைக்குப் போகும் பெண் வீடு திரும்பியதும் அடுப்படியில் நிற்காமல், குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாளே, அதை எந்த மீட்டரில் அளப்பது? பகலில் வீட்டிலிருக்கும் நாம்தான் காய் நறுக்கி, ராஜ்மாவைக் கொதிக்கவைத்துத் தர வேண்டும். ரிட்டயரான ஆண்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்காது.