வராதவரை விசாரிப்போம்

(வீட்டிலிருந்து வேலை பார்ப்போருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்தார் ஒரு பெண்மணி. அவரைக் காணாததால் நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தோழர்கள் சொன்னார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட நபியவர்கள், அவருடைய கப்ரு இருக்கும் இடத்தைக் கேட்டறிந்து அங்கேயே சென்று தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. எத்தனையோ பொறுப்புகளுக்கு இடையிலும் ஒருவர் வராததை நபியவர்கள் கவனித்தார்கள். இன்றைய பேச்சுக்கு இதுவே அடிப்படை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த நம் பிள்ளைகள் மடிக்கணினியோடு ஊர் திரும்பினார்கள். பலர் இன்றும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். இதில் நன்மை நிறைய உண்டு. பெற்றோரைப் பக்கத்திலிருந்து கவனிக்க முடிகிறது. வாடகை மிச்சம். படித்துவிட்டு வேலைக்குப் போக வழியில்லாமல் இருந்த நம் பெண்மக்கள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நம் மஹல்லாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தம்பி, மூன்று ஆண்டுகளாக மாடியறையில் உட்கார்ந்து வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். அவருடைய அத்தா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அத்தனை நாளும் இவர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. வேலை தாமதமாகிறது என்று கண்டிப்பான மெயில்தான் வந்தது. அத்தா வஃபாத்தான பிறகு லீவு கேட்டு எழுதியபோதுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்தது.

"ஏம்பா ஒரு வார்த்தை சொல்லல?" என்று நான் கேட்டேன். "சொல்ற அளவுக்கு அங்க யாரையும் பழக்கமில்ல மாமா" என்றார். மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்களைப் பற்றி அவர் சொன்ன பதில் இது.

அந்த மெயிலை அனுப்பிய டீம் லீடர், ஓர் இந்துச் சகோதரர், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி நம் ஊருக்கு வந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் இருவரும் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அலுவலகமாக இருந்தால் டீ குடிக்கும்போது முகத்தைப் பார்த்தே பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருப்பார். திரையில் வேலை மட்டும்தான் தெரியும். முகவாட்டம் தெரியாது.

ஆகவே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

தினமும் ஒருவருக்காவது வேலை சம்பந்தமில்லாத ஒரு செய்தி அனுப்புங்கள். "அம்மாவுக்குக் காய்ச்சல் குறைஞ்சிருச்சா?" என்ற ஒரு வரி போதும். நோயாளியை விசாரிப்பது நம் மார்க்கத்தில் கடமையாகச் சொல்லப்பட்டது. போனில் விசாரித்தாலும் மனம் குளிரும். வழக்கமாகப் பேசுபவர் இரண்டு நாள் மௌனமாக இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உங்கள் நிலையையும் சொல்லுங்கள். கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. சரியாக மஃரிப் நேரம். குளிர்காலத்தில் அதே மீட்டிங் 7.30க்குத் தள்ளிப் போய் இஷாவோடு மோதும். மைக்கை அணைத்துவிட்டு அவசர அவசரமாகத் தொழுவதைவிட, "எனக்குப் பத்து நிமிடம் தொழுகை" என்று முன்கூட்டியே சொல்லலாம். ஜும்ஆ நேரத்தை டீம்ஸ் காலண்டரிலேயே குறித்து வைக்கலாம். சொன்னால் பெரும்பாலும் மதிக்கிறார்கள்.

மாதம் ஒருமுறையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, முடிந்தபோது நேரில் போய் வாருங்கள். பெருநாளைக்கு அவர்களை வீட்டுக்கு அழையுங்கள். அவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய் வந்தால் நலம் விசாரியுங்கள். கேமராவில் முகம் காட்ட விரும்பாத பெண்மக்கள் குரலிலேயே நன்றாகப் பழகலாம். கண்ணியமான பேச்சுக்குத் தடையில்லை. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். நாலு பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் ஐந்தாமவரைப் பற்றிப் புறம் பேசுவது நட்பாகாது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "வீட்டுலதானே இருக்கே" என்று ரேஷன் கடைக்கு அனுப்புகிறோம். அதே பிள்ளை சக ஊழியரிடம் பத்து நிமிடம் சிரித்துப் பேசினால், "வேலை நேரத்துல என்ன அரட்டை?" என்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். நாளை அவர்கள் வேலை மாறவோ, கஷ்டத்தில் கை கொடுக்கவோ உதவுபவர் அந்த நண்பராகத்தான் இருப்பார்.

உலக சுகாதார நிறுவனமே 2023 நவம்பரில் சமூகத் தொடர்பு குறித்துத் தனி ஆணையம் அமைத்தது. நமக்கோ தனித்துத் தொழுவதைவிட ஜமாஅத்தாகத் தொழுவதற்கு 27 மடங்கு சிறப்பு என்று என்றோ சொல்லித் தந்துவிட்டார்கள். ஐந்து வேளையில் முடிந்தவரை பள்ளிக்கு வந்து போனால், மாடியறைத் தனிமை பாதி தீரும். மீதிப் பாதிக்குத்தான் உடன் வேலை பார்ப்பவர்கள்.

நமது அறக்கட்டளை நூலகத்தின் மேல்மாடியை, இன்ஷா அல்லாஹ், வீட்டிலிருந்து வேலை பார்ப்போர் சேர்ந்து அமர்ந்து வேலை செய்யத் திறந்துவிட இருக்கிறோம். பெண்களுக்குத் தனி அறை உண்டு. விருப்பமுள்ளோர் அலுவலகத்தில் பெயர் தாருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும், பல நாட்களாகப் பேசாத ஒரு சக ஊழியரை அழைத்து நலம் கேளுங்கள். நம்மைத் தேடுவோரும், நாம் தேடுவோரும் உள்ள வாழ்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.