மீட்டர் முள் ஆடுதா? மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே பாருங்க

நம்ம அனுமந்தன்பட்டி பக்கம் பத்து, பதினைந்து வருஷம் ஓடின பைக்குகள் ஏராளம். வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம்னு எல்லா இடத்துக்கும் அதுலதான் போறோம். மீட்டர் முள் 30-க்கும் 60-க்கும் நடுவில் ஆடினாலும், "வண்டி ஓடுதுல்ல, போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

விடக் கூடாது. தேசிய நெடுஞ்சாலை 183-ல் ஏறினால் உங்க வேகம் என்னன்னு உங்களுக்கே தெரியாது. கார் போன்ற இலகுரக வாகனம் அதிவேகமாகப் போனால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். "மீட்டர் சரியில்லை சார்" என்பது பதிலாகாது. வேகமானி இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 117-வது விதியே சொல்கிறது.

பழைய பைக் மீட்டர் எப்படி வேலை செய்கிறது? முன்சக்கரத்தில் ஒரு சின்ன கியர் இருக்கும். அது கேபிளைச் சுற்றும். கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தம் சுற்றும்போது பக்கத்தில் உள்ள அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், முள் நகரும். மெல்லிய சுருள்வில் ஒன்று முள்ளைத் திரும்பப் பூஜ்யத்துக்கு இழுக்கும். ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற முறைதான் இது.

இனி கோளாறை எங்கே தேடுவது?

முள்ளும் ஓடவில்லை, கிலோமீட்டர் எண்ணும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர் தேய்ந்திருக்கும். எண் ஒழுங்காக ஏறுது, முள் மட்டும் கிடக்குது என்றால் கோளாறு மீட்டருக்குள். வண்டி நின்ற பிறகும் முள் பூஜ்யத்துக்கு வரலைன்னா சுருள்வில்லைச் சந்தேகப்படுங்க. முள் துள்ளித் துள்ளி ஆடினால், கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும். சேற்றில் அடிக்கடி இறங்கும் வண்டியில் இது சகஜம்.

உறுதி செய்ய ஒரு வழி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அமுக்க, முன்சக்கரத்தைத் தூக்குங்க. கேபிளை மீட்டர் பக்கம் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்க. உள்கம்பி சீராகச் சுற்றினால் மீட்டரைப் பாருங்க. சுற்றவில்லை, விட்டு விட்டுச் சுற்றுது என்றால் கேபிள் அல்லது கியர். முழு மீட்டரையும் மாற்றச் சொன்னால், இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்க. கிரீஸ் போடும்போது மேல்முனையில் அப்பாதீங்க. அது மீட்டருக்குள் ஏறிவிடும்.

சென்சார் உள்ள புதிய வண்டிகளில் கேபிள் இருக்காது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது சென்சார் ஒயரும் கனெக்டரும். டயர் அளவை மாற்றியிருந்தாலும் மீட்டர் தவறாகக் காட்டும்.

சரி பார்த்த பிறகு உங்க போனே சோதனைக் கருவி. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலியைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் போனைத் தொட வேண்டாம். செயலி இல்லையா? கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் பாருங்க. சீராக 40-ல் போனால் 90 விநாடி, 60-ல் போனால் 60 விநாடி. மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டுவது இயல்பு. குறைத்துக் காட்டினால்தான் ஆபத்து.

கடைசியாக ஒன்று. சொந்த வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஆய்வு முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கணும். உங்க ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம். காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பே மீட்டரைச் சரி செய்துவிட்டால், ஆய்வு நாளில் அலைச்சல் மிச்சம். பழைய வண்டி வாங்குவோரும் இதைக் கவனியுங்க: மீட்டர் ஓடாத வண்டியில் எழுதியிருக்கும் கிலோமீட்டருக்கு அர்த்தமே இல்லை.