சொத்தைப் பல்லும் சர்க்கரை நோயும்



சொத்தைப் பல் வலித்தால் கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து வைத்துக்கொண்டு நாலு நாள் ஓட்டிவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அப்படி ஓட்டக் கூடாது.

கீழ்த்தாடையின் பின்புறக் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி, வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இறங்கி நிற்கிறது. அங்கே சீழ் பிடித்தால் வாய்க்குள் உடையாமல் கழுத்துக்குள் இறங்கிவிடும். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டை போல இறுகி வீங்கும். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், எச்சில் விழுங்க முடியாமல் வழியும், பேச்சு குழறும். 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்ததால் இதற்கு 'லுட்விக் ஆஞ்சைனா' என்று பெயர். இதில் உயிர் போவது பெரும்பாலும் மூச்சு அடைத்துத்தான்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு. இவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமல்கூட சீழ் நெஞ்சு வரை இறங்கலாம். 'காய்ச்சல் இல்லையே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துப் பற்றுப் போட்டுக் காத்திருப்பதும் ஆபத்து.

ஆஸ்பத்திரியில் முதலில் மூச்சுவழியைக் காப்பாற்றுவார்கள். பிறகு ஆன்டிபயாடிக் ஊசி, தேவைப்பட்டால் கீறிச் சீழை வடிப்பது, கூடவே சர்க்கரையைக் குறைப்பது.

கழுத்து வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பல் டாக்டரிடம் போனால், சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.