உறக்கத்தில் வைக்கும் கடன்



1963ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்னும் 17 வயது மாணவன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தன் உடலையே சோதனைக்களம் ஆக்கினான். உறங்காமல் எத்தனை நாள் இருக்க இயலும் என்பதே அவன் வினா. 264 மணி நேரம், அதாவது 11 நாள், விழித்திருந்தான். உறக்க ஆய்வில் பெயர்பெற்ற வில்லியம் டிமென்ட் உடனிருந்து கவனித்தார். நாள் செல்லச் செல்ல எரிச்சல் மிகுந்தது, நாக் குழறியது, இல்லாதன கண்முன் தோன்றின. இறுதி நாளில், 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லப் பணித்தனர். 65 வரை வந்து நின்றுவிட்டான். காரணம் வினவியபோது, தான் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதே மறந்துவிட்டது என்றான்.

இல்லங்களில் பதினொரு நாள் விழித்திருப்பார் எவருமிலர். நாள்தோறும் இரண்டு மணி, மூன்று மணி என்று குறைத்துக்கொள்வோரே பலர். அதுவும் உடலை விடுவதில்லை. சிகாகோவில் நலமான இளைஞர் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கச் செய்தனர். அவர்தம் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குன்றியது. 1999இல் வெளிவந்த ஆய்வு இது.

தேர்வுக்காலத்தில் நள்ளிரவு தாண்டிப் பிள்ளை படிப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோர் உண்டு. பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்திக்கொள்வதற்கு உறக்கம் இன்றியமையாதது. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். படிப்பதற்காக உறக்கத்தை விடுவது, விதைத்தபின் நீரை நிறுத்துவது போன்றதே.

பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் உயிர்க்கொலை தவிர்க்க வந்தது, உறக்கத்திற்காக வந்ததன்று. ஆயினும் படுக்குமுன் வயிறு இளைப்பாற அது துணைசெய்கிறது. அவ்வாறு உண்டு முடித்தவரும் பின்னர் நள்ளிரவுவரை கைப்பேசியைப் பார்த்திருந்தால் பயன் என்ன? படுக்கும் நேரம் சற்று முன்பின் ஆனாலும், எழும் நேரத்தை ஒன்றாகவே வைத்துக்கொள்ளல் நலம். காப்பி, தேநீரைப் பிற்பகலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படுத்தவுடன் குறட்டை விடுபவரைக் கொடுத்துவைத்தவர் என்பர். குறட்டைக்கு இடையே மூச்சு நின்று, திணறி, மீண்டும் தொடர்வதாயின் அது நல்லுறக்கமன்று, மூச்சுத்தடை நோயாகலாம். கவனியாது விட்டால் இரத்த அழுத்தமும் இதயநோயும் தொடரக்கூடும். உறங்குபவர் இதனை அறியார். அருகில் விழித்திருந்து கேட்கும் வாழ்க்கைத்துணையே மறுநாள் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.