சீனமொழித் தேர்வும் நேரப் பங்கீடும்



பகலில் வேலைக்குச் சென்று, இரவில் சீனமொழி பயிலும் இளைஞர் தம் நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது குறித்துச் சில கூற விழைகின்றோம். எச்.எஸ்.கே. எனப்படும் இத்தேர்வை உருவாக்கும் பணி 1984இல் பெய்ஜிங்கில் தொடங்கிற்று. 2010இல் அது ஆறு நிலைகளாக மாற்றியமைக்கப்பட்டது. 2021இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய தரவரையறை வெளிவந்தது. ஆதலின் தேர்வு எம்முறைப்படி நடைபெறுகின்றது என அறிந்த பின்னரே கட்டணம் செலுத்துக. உழைத்து ஈட்டிய பணமன்றோ!

ஆறு நிலை முறையின் நான்காம் நிலையைச் சான்றாகக் கொள்வோம். கேட்டலில் 45 வினாக்கள், படித்தலில் 40, எழுதுதலில் 15. ஆயினும் ஒவ்வொன்றிற்கும் 100 மதிப்பெண்ணே. 300க்கு 180 பெற்றால் தேர்ச்சி. புதிதாய்க் கற்போர் பலர் எழுத்துக்களை வரைந்து வரைந்து ஏட்டை நிரப்புகின்றனர். கண்ணுக்குத் தெரியும் உழைப்பாதலால் மனத்துக்கு நிறைவு, செவியோ பட்டினி! தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும்.

செவிப்பயிற்சி ஏன் இன்றியமையாதது? சீனத்தில் 'மா' என்பதைச் சமமாக நீட்டினால் தாய். குரலை உயர்த்தினால் சணல். தாழ்த்தி எடுத்தால் குதிரை. சட்டென இறக்கினால் திட்டுதல். (தமிழிலும் 'மா' குதிரையைக் குறிக்கும் என்பது ஒரு வேடிக்கை.) தாயைக் குறிக்கும் எழுத்தில் பெண் உருவும் குதிரை உருவும் இணைந்துள்ளன, முன்னது பொருளையும் பின்னது ஒலியையும் காட்டுகின்றன. இவ்வாறு பிரித்தறிந்தால் நூறு முறை எழுத வேண்டுவதில்லை.

மூன்றாம் நிலைக்குச் சொற்கள் 600. நான்காம் நிலைக்கு 1200. ஆறு மாதம் என்பது 26 வாரம். இறுதி இரண்டை மாதிரித் தேர்வுகளுக்கு ஒதுக்கினால் எஞ்சுவன 24. வாரம் 25 சொற்கள். ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு ஐந்தே! ஆறாம் நாள் மீள்பார்வை, ஏழாம் நாள் ஓய்வு. நாள்தோறும் ஒன்றரை மணி கிடைப்பின், களைப்பில்லாத விடியலில் அரைமணி கேட்டல். இரவில் சொற்களுக்கு 25 நிமிடம், படித்தலுக்கு 20, அன்றைய ஐந்து சொற்களைக் கொண்டு ஐந்து வாக்கியம் எழுத 15. தேர்விலும் படம் பார்த்து, தந்த சொல்லைக்கொண்டு எழுதவேண்டியவை ஐந்து வாக்கியங்களே. இரவுப்பணி பார்ப்போர் விடியலுக்குரியதை மாலைக்கு மாற்றிக்கொள்க. ஒருநாள் தவறினால் அச்சொற்களை மறுநாளின் தலையில் சுமத்தாது, ஆறாம் நாளுக்குத் தள்ளுக.