வெள்ளை யாருடைய நிறம்?



நம் திருவண்ணாமலையில் உடுத்தியிருக்கும் துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். கிரிவலப் பாதையில் காவி என்றால் சாமியார். கார்த்திகை பிறந்துவிட்டால் கருப்பு வேட்டி, ஐயப்ப பக்தர். சிவப்புச் சேலை என்றால் மேல்மருவத்தூர். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி நடப்பவர்களோ வேளாங்கண்ணிக்குப் போகும் நம்மவர்கள். ஆகவே, "பூசைக்குச் சாமி ஏன் நிறம் மாற்றி மாற்றி உடுத்துகிறார்?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயந்தான்.

திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா, காத்திருத்தலும் மனமாற்றமும். பொதுக்காலத்துக்குப் பச்சை, ஆண்டில் பாதிக்குமேல் அதுதான். இரண்டே ஞாயிறுகளுக்கு ரோஜா நிறம். பல பங்குகளில் அந்த உடையே இருக்காது, போகட்டும். இரத்தச் சாட்சியின் சிவப்பைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் வெட்டுண்ட ஓரியூரின் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் நாம்.

சிக்கல் வெள்ளையில்தான்.

திருச்சபைக்கு வெள்ளை உயிர்ப்பின் நிறம். திருமுழுக்கில் குழந்தைக்கு நாம் போர்த்துவது வெள்ளாடை. அடக்கப் பூசைக்கு ஒரு காலத்தில் கருப்பு உடுத்தினார்கள். கிறிஸ்தவனின் சாவு பாஸ்கா மறைபொருளைக் காட்ட வேண்டும், நிறமும் அதற்கும் அந்தந்த நாட்டு மரபுக்கும் பொருந்த வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. பிறகு ஊதா வந்தது, பல இடங்களில் வெள்ளையும் வந்தது.

அப்படியிருக்க, கணவனை இழந்த பெண்ணுக்கு மட்டும் அதே வெள்ளையை ஏன் தண்டனையாகக் கட்டுகிறோம்? பூவையும் வளையலையும் கழற்றச் சொல்வது எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் இல்லை. பெற்ற மகளின் கல்யாணத்திலேயே தாய் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். ஞானஸ்நானம் பெற்ற வீடுகளில்தான் இதுவும் நடக்கிறது.

பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. அன்றும் வெள்ளைதான். கோவிலில் அந்தக் குழந்தையைக் கண்டு கடவுளைப் புகழ்ந்து, எல்லாரிடமும் அவரைப் பற்றிப் பேசியவர் யார்? அன்னா. முதிர்ந்த கைம்பெண். 'எதிரே வராதே' என்று அவரை யாரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுத் திருமணப் பூசையில் காணிக்கைப் பவனிக்கு ஆள் தேடும்போது, அந்த அத்தையை, அந்தப் பாட்டியை முதலில் கூப்பிடுங்கள். பிடித்த நிறச் சேலையில் வரட்டும். வெள்ளைதான் பிடிக்கும் என்றால் வெள்ளையிலேயே வரட்டும். அன்று பீடத்தில் நானும் வெள்ளையில்தான் நிற்பேன்.